எட்ஜ் மேலாண்மை மென்பொருளுக்குச் சொந்த பாலிசி ஆக்‌ஷன் எழுதும்போது, ஒரே ஆக்‌ஷன் திரும்பத் திரும்ப ஓடுவதை எப்படிக் கையாள்வது?

கேள்வி

வணக்கம். மூடிய பெட்டிகளுக்குள் மின்விசிறி இல்லாமல் இயங்கும் ராஸ்பெரி பை 4 சிறு கணினிப் பலகைகள் சில நூற்றை, ஒரு மைய மேலாண்மை மென்பொருளின் வழியாக எங்கள் குழு பராமரித்து வருகிறது. ஒவ்வொரு நோடிலும், அதாவது களத்தில் உள்ள ஒவ்வொரு பலகையிலும், கேமராப் படங்களைப் பகுத்தாயும் கன்டெய்னர் (தன் தேவைகளோடு தனித்துப் பொதிந்து ஓடும் நிரல்) ஒன்றும், அந்த முடிவுகளைச் சேர்த்து வைத்து மேலே அனுப்பும் கன்டெய்னர் ஒன்றும் ஓடுகின்றன. மென்பொருளின் அமைப்பு இங்கே பலருக்கும் பழக்கமானதுதான்: மையத்தில் கன்சோல், நோடு ஒவ்வொன்றிலும் மையத்தின் கட்டளைகளை நிறைவேற்றும் ஏஜென்ட், இரண்டுக்கும் இடையே எம்.கியூ.டி.டி. (சிறு சாதனங்களுக்கான செய்திப் பரிமாற்ற நெறிமுறை) இணைப்பு. பாலிசி என்பது ‘இந்த நிகழ்வு நடந்து, இந்த நிபந்தனை பொருந்தினால், இந்த ஆக்‌ஷனைச் செய்’ என்ற மூன்று பகுதிகளைக் கொண்டது. கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தல், எச்சரிக்கை அனுப்புதல் போன்ற ஆக்‌ஷன்கள் மென்பொருளோடு வருகின்றன. அவை போதாத இடத்தில் நாமே ஸ்கிரிப்ட் எழுதி ஆக்‌ஷனாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஏஜென்ட் அந்த ஸ்கிரிப்டை இயக்கி, அளவுருக்களை ஜேசன் வடிவில் ஸ்டாண்டர்டு இன்புட் வழியாகக் கொடுத்து, அது முடியும்போது தரும் எக்ஸிட் கோடைப் படிக்கிறது. பூஜ்யம் வந்தால் வெற்றி என்று குறித்துக்கொள்கிறது. வேறு எது வந்தாலும் தோல்வி எனக் கொண்டு மீண்டும் முயல்கிறது.

எங்களுக்குத் தேவைப்படுவது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்‌ஷன். சிபியூ வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பகுத்தாயும் கன்டெய்னர் நொடிக்கு எடுத்துக்கொள்ளும் ஃபிரேம்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வெப்பம் இறங்கியதும் இருமடங்காக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதற்காகக் கன்டெய்னரின் அமைப்புக் கோப்பைத் திருத்தி, அதை மறுதொடக்கம் செய்கிறோம். இதைத் தவிர, கேமரா டிரைவர் சிக்கிக்கொண்டால் நோடையே ரீபூட் செய்யும் ஆக்‌ஷன் ஒன்றும் உண்டு.

சோதனை மேசையில் இரண்டும் சரியாக வேலை செய்கின்றன. களத்தில் மூன்று சிக்கல்கள் தலைதூக்குகின்றன. இணைப்பு விட்டு விட்டு வரும் நோடுகளில், வெப்ப ஆக்‌ஷன் அடுத்தடுத்து மூன்று முறை ஓடி, 12 ஃபிரேம் 6 ஆகி, 6 என்பது 3 ஆகி, கடைசியில் 1-இல் போய் நிற்கிறது. குளிர்ந்த பிறகு இருமடங்காக்கும் ஆக்‌ஷன் ஒரே முறை ஓடுவதால், அந்த நோடு 2 ஃபிரேமுக்கு மேல் ஏறுவதே இல்லை. ரீபூட் ஆக்‌ஷனைப் பெற்ற சில நோடுகள், எழுந்து வந்தவுடன் மறுபடியும் ரீபூட் ஆகின்றன. ஏஜென்ட் பதில் அனுப்புவதற்கு முன்பே நோடு அணைந்துவிடுவதால், ஆக்‌ஷன் முடியவில்லை என்று மையம் கருதுவது லாகில் தெரிகிறது. மூன்றாவதாக, கன்சோலில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று காட்டிய நோடுகளில் சிலவற்றில் கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

ஒவ்வோர் ஆக்‌ஷனுக்கும் ஏஜென்ட் ஒரு தனி ஐடி தருகிறது. பார்த்த ஐடிகளை ஒரு கோப்பில் சேமித்து, அதே ஐடி மறுபடி வந்தால் தவிர்த்துவிடலாமா? அல்லது ஆக்‌ஷனின் அமைப்பையே வேறு விதமாக யோசிக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

ஐடியைச் சேமிப்பதை இரண்டாவது அரணாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாற்ற வேண்டியது ஆக்‌ஷனின் பொருள். ‘பாதியாகக் குறை’ என்பது எத்தனை முறை ஓடியது என்பதைப் பொறுத்து வெவ்வேறு விடை தரும் கட்டளை. ‘நொடிக்கு 6 ஃபிரேமில் நிறுத்து’ என்பது ஒரு முறை ஓடினாலும் பத்து முறை ஓடினாலும் ஒரே விடை தரும். உங்கள் முதல் சிக்கலின் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது, எம்.கியூ.டி.டி. செய்தி மூன்று முறை வந்து சேர்ந்தது அதை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவே.

எம்.கியூ.டி.டி.யில் கியூ.ஓ.எஸ். என்பது செய்தி போய்ச் சேரும் உறுதியின் நிலை; அது 1 என்றால் ‘குறைந்தது ஒரு முறை’ என்று பொருள். ஒப்புகைச் செய்தி வழியில் தொலைந்தால், அனுப்பியவர் மீண்டும் அனுப்பத்தான் செய்வார். கியூ.ஓ.எஸ். 2 ‘சரியாக ஒரு முறை’ என்று சொன்னாலும், அந்த உறுதி கிளையன்டுக்கும், செய்திகளை நடுவில் வாங்கிக் கொடுக்கும் புரோக்கருக்கும் இடையிலான ஒரு தாவலுக்கு மட்டுமே உரியது. ஏஜென்ட் செய்தியைப் பெற்று, ஸ்கிரிப்டை இயக்கி, நடுவில் மின்சாரம் போய், மீண்டும் எழுந்து வரும் கதை முழுவதற்கும் அது பொறுப்பேற்காது. ஆகவே கடத்தும் அடுக்கில் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், ஸ்கிரிப்ட் இருமுறை ஓடக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் அதை எழுத வேண்டும்.

ஐடியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஐடியை எழுதுவதற்குள் ஸ்கிரிப்ட் கொல்லப்பட்டால், அடுத்த முறை மீண்டும் குறைக்கும். ஐடியை முதலில் எழுதிவிட்டுக் குறைப்பதற்குள் கொல்லப்பட்டால், குறைக்காமலேயே ‘ஏற்கெனவே முடிந்தது’ என்று சொல்லிவிடும். எந்த வரிசையில் எழுதினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தே தீரும். மேலும், வெப்பம் 80-ஐ மூன்று முறை தொட்டு இறங்கினால் மூன்று தனித்தனி நிகழ்வுகளும் மூன்று புதிய ஐடிகளும் உருவாகும். அங்கே ஐடிப் பட்டியல் எந்த உதவியும் செய்யாது.

நான் பரிந்துரைப்பது இது. ஆக்‌ஷன் முதலில் தற்போதைய நிலையைப் படிக்க வேண்டும். வேண்டிய நிலையோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு மீண்டும் படித்துச் சரிபார்க்க வேண்டும். கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், உங்கள் மூன்றாவது சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது. கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும் கட்டளை பூஜ்யம் தந்தால், கன்டெய்னர் தொடங்கப்பட்டது என்று மட்டுமே பொருள். அது தன் அமைப்புக் கோப்பைப் படித்து, மாடலை ஏற்றி, முதல் ஃபிரேமைப் பகுத்தாய்ந்தது என்று பொருளல்ல. தொடங்கி ஐந்தாவது நொடியில் விழுந்துவிடும் கன்டெய்னருக்கும் அந்தக் கட்டளை பூஜ்யமே தரும். எனவே சரிபார்ப்பு என்பது உண்மையான பயனைக் கேட்பதாக இருக்க வேண்டும்: கடைசி அரை நிமிடத்தில் எத்தனை ஃபிரேம் பகுத்தாயப்பட்டது என்று கன்டெய்னரிடமே கேளுங்கள், அந்த எண் 6-ஐ ஒட்டி இருந்தால் மட்டும் வெற்றி என்று சொல்லுங்கள்.

கன்டெய்னர்களைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளின் கன்ட்ரோலர்கள் எல்லாம் இந்த முறையில்தான் எழுதப்படுகின்றன. நடந்த நிகழ்வை நம்பாமல், இருக்கும் நிலையையும் வேண்டிய நிலையையும் ஒப்பிட்டே அவை இயங்குகின்றன. அதை எட்ஜுக்குக் கொண்டுவந்த குப்எட்ஜில், நோடுக்குரிய தகவல்களை மெட்டாமேனேஜர் என்ற பகுதி நோடிலேயே ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. மையத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் நோடு ரீபூட் ஆனாலும், என்ன ஓட வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டாலும், வேண்டிய நிலையை நோடிலேயே ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஆக்‌ஷன் அந்தக் கோப்பை மட்டும் மாற்றும்படியும், அமைப்பை அதற்கேற்பச் சரிசெய்யும் வேலையை வேறொரு சிறு சேவை செய்யும்படியும் பிரித்துக்கொள்ளலாம்.

விடையைப் பற்றி ஒரு சொல். வெற்றி, தோல்வி என்ற இரண்டு சொற்களுக்குள் களத்தில் நடப்பதை அடக்க முடியாது. ‘மாற்றம் தேவைப்படவில்லை’, ‘மாற்றிச் சரிபார்த்தாயிற்று’, ‘இப்போது முடியாது, பிறகு முயலுங்கள்’, ‘எத்தனை முறை முயன்றாலும் முடியாது’ என்ற நான்கையாவது பிரித்துச் சொல்லுங்கள். எக்ஸிட் கோடுக்கு பி.எஸ்.டி. (யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள்) உலகில் நெடுங்காலமாக இருக்கும் மரபே போதும்: 75 என்றால் தற்காலிகத் தோல்வி, 64 என்றால் தவறான அளவுரு, 77 என்றால் அனுமதி இல்லை, 78 என்றால் அமைப்புக் கோப்பில் பிழை. உங்கள் ஏஜென்ட் எண்களைப் பிரித்துப் பார்க்காது என்பதால், அதே விவரத்தை ஸ்டாண்டர்டு அவுட்புட்டின் கடைசி வரியில் ஜேசனாகவும் எழுதுங்கள். தவறான அளவுருவுக்காக நோடு விடிய விடிய மறுமுயற்சி செய்யாதிருக்க, மறுமுயற்சிகளுக்கு பாலிசியிலேயே ஒரு வரம்பு வையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எல்லா ஆக்‌ஷனையும் ‘நிலை’யாக மாற்றி எழுத முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரீபூட் என்பது நிலை அல்ல, நிகழ்வு. ‘ரீபூட் ஆன நிலையில் இரு’ என்று ஒரு கணினியிடம் கேட்க முடியாது. இத்தகைய ஆக்‌ஷன்களுக்குத்தான் ஐடியும் நோடிலேயே எழுதிவைக்கும் குறிப்பும் உண்மையில் தேவைப்படுகின்றன.

லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஒவ்வொரு பூட்டின்போதும் தற்செயலான ஒரு புதிய பூட் ஐடியை உருவாக்குகிறது. பிராக் கோப்பு முறைமையில், கெர்னலின் ரேண்டம் பகுதிக்குக் கீழே அதைப் படிக்கலாம். அடுத்த பூட் வரை அது மாறாது. இதைக் கொண்டு ரீபூட்டை இப்படி எழுதலாம்: ஆக்‌ஷன் ஐடியையும் தற்போதைய பூட் ஐடியையும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகு ரீபூட்டைத் தொடங்குங்கள். நோடு எழுந்ததும் அதே ஆக்‌ஷன் ஐடி மீண்டும் வந்தால், குறிப்பில் உள்ள பூட் ஐடியைத் தற்போதையதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் வேலை முடிந்துவிட்டது, வெற்றி என்று பதில் அனுப்பலாம். ஒன்றாக இருந்தால் ரீபூட் நடக்கவில்லை, எனவே மீண்டும் முயலலாம். மறுமொழி 1-இல் சொல்லப்பட்ட இடைவெளி இங்கே மூடப்படுகிறது, ஏனென்றால் ‘செய்துவிட்டேன்’ என்று நாமே எழுதிய குறிப்பை நம்பாமல், செய்ததற்கான சான்றைக் கெர்னலிடம் கேட்கிறோம்.

‘உறுதியாகப் பதிந்த பிறகு’ என்பதில் கவனம் வேண்டும். இருக்கும் கோப்பின் மேலேயே எழுதினால், நடுவில் மின்சாரம் போகும்போது பாதிக் கோப்போ வெறுங்கோப்போ மிஞ்சும். அதே டைரக்டரியில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (உண்மையாகவே வட்டில் எழுதவைத்து), பிறகு ரீநேம் செய்து, டைரக்டரியையும் எஃப்சிங்க் செய்யுங்கள். ரீநேம் பாதியில் நிற்காத அணுச்செயல் என்பதால், படிப்பவருக்குப் பழைய கோப்போ புதிய கோப்போ முழுமையாகக் கிடைக்கும். ரன் டைரக்டரி நினைவகத்தில் இருப்பது. ரீபூட்டைத் தாண்ட வேண்டிய குறிப்பை அங்கே வைத்தால், அது தேவைப்படும் நேரத்தில் இருக்காது. தற்காலிகக் கோப்புகளுக்கான டைரக்டரியும் பல அமைப்புகளில் அப்படித்தான்.

ரீபூட் சுழலைத் தடுக்க ஒரு வரம்பும் வேண்டும். ‘ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ரீபூட்’ என்று எழுதத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ராஸ்பெரி பை 4-இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. நோடு எழும்போது, பிணையத்திலிருந்து நேரம் கிடைக்கும் வரை, அதன் கடிகாரம் கடைசியாக அணைந்த நேரத்தையோ அதைவிடப் பழைய நேரத்தையோ காட்டிக்கொண்டிருக்கும். ஒருபோதும் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்றால், அது ஒவ்வொரு பூட்டிலும் புதிதாகத் தொடங்கும். எனவே மணிக்கணக்கை விட்டுவிட்டு, ரீபூட்களை எண்ணுங்கள். ஒவ்வொரு ரீபூட்டுக்கும் முன் எண்ணைக் கூட்டுங்கள். நோடு எழுந்து, குறித்த நேரம் தொடர்ந்து நலமாக ஓடினால் மட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். குபர்நெட்டீஸும் விழுந்து விழுந்து எழும் கன்டெய்னர்களை இவ்வாறே கையாள்கிறது: காத்திருப்பு 10 நொடி, 20, 40 என்று ஏறி 5 நிமிடத்தில் நிற்கிறது, கன்டெய்னர் 10 நிமிடம் சிக்கலின்றி ஓடினால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஏஜென்ட் ஓடினால், அது இயக்கும் ஸ்கிரிப்டும் அதே கன்ட்ரோல் குரூப்புக்குள் இருக்கும். சேவையை நிறுத்தும்போது அந்தக் குழுவில் உள்ள எல்லாப் பிராசஸையும் கொல்வதே சிஸ்டம்டியின் இயல்பான நடைமுறை. ஆகவே ஏஜென்டைப் புதுப்பிக்கும் அல்லது மறுதொடக்கம் செய்யும் ஆக்‌ஷனை நேரடியாக எழுதினால், ஏஜென்டோடு சேர்ந்து ஸ்கிரிப்டும் பாதியில் செத்துப்போகும்; சில நேரங்களில் பழைய பதிப்பு அழிந்து, புதிய பதிப்பு வராத நிலையில் நோடு கைவிடப்படும். அத்தகைய வேலையை சிஸ்டம்டி-ரன் வழியாகத் தனி யூனிட்டாகத் தொடங்கிவிட்டு, ஆக்‌ஷன் ‘தொடங்கியது, முடிவு பின்னர்’ என்று பதில் தர வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘பாதியாக்கு’ என்பதை ‘6-இல் நிறுத்து’ என்றும், ‘இருமடங்காக்கு’ என்பதை ‘12-இல் நிறுத்து’ என்றும் மாற்றி, ஃபிரேம் எண்ணிக்கையைக் கன்டெய்னரிடமே கேட்டுச் சரிபார்க்கும்படி எழுதிவிட்டோம். 1-இல் போய் நிற்பது நின்றுவிட்டது. ரீபூட்டையும் பூட் ஐடியைக் கொண்டு எழுதி வருகிறோம்.

இப்போது வேறொரு கேள்வி எழுகிறது. தரவுச் செலவைக் குறைப்பதற்காக, இன்னொரு குழு இரவில் ஃபிரேம்களை 4 ஆக்கும் பாலிசியை இதே நோடுகளில் வைத்திருக்கிறது. இரவில் வெப்பம் ஏறினால் எங்கள் ஆக்‌ஷன் 6 ஆக்குகிறது, அதாவது உண்மையில் கூட்டுகிறது. வெப்பம் இறங்கினால் 12 ஆக்கி அவர்களுடைய பாலிசியை முழுக்கக் கலைத்துவிடுகிறது. இதைத் தவிர, வெப்பம் 79-க்கும் 81-க்கும் இடையே ஊசலாடும்போது கன்டெய்னர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுதொடக்கம் ஆகிறது. இந்த முடிவுகளையெல்லாம் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுவதா, பாலிசியில் எழுதுவதா?

மறுமொழி 3

முடிவெடுப்பதையும் நிறைவேற்றுவதையும் பிரித்து வைப்பதே பாலிசி வழி மேலாண்மையின் அடிப்படை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 2753 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இவற்றைப் பாலிசி முடிவுப் புள்ளி, பாலிசி அமலாக்கப் புள்ளி என்று தனித்தனியாக வரையறுக்கிறது. அமலாக்கும் இடத்திலேயே உள்ளூர் முடிவுப் புள்ளி ஒன்று இருக்கலாம் என்பதையும் அது பேசுகிறது. அந்த ஆவணம் பிணையச் சாதனங்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனாலும் மையத்திலிருந்து துண்டிக்கப்படும் எட்ஜ் நோடுகளுக்கு அந்தப் பிரிவினை இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. வெப்பத்தைப் பற்றிய முடிவை நோடிலேயே எடுக்க வேண்டும், ஏனென்றால் இணைப்பு வரும் வரை சிபியூ காத்திருக்காது. ஆனால் அது ஏஜென்டின் பாலிசிப் பகுதியில் இருக்கட்டும், ஆக்‌ஷன் ஸ்கிரிப்டுக்குள் வேண்டாம். ஸ்கிரிப்டுக்குள் மறைந்த நிபந்தனை கன்சோலில் தெரியாது. ‘பாலிசி பொருந்தியது, ஆக்‌ஷன் ஓடியது, எதுவும் நடக்கவில்லை’ என்ற லாகை வைத்துக்கொண்டு அடுத்தவர் மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

ஊசலாட்டத்துக்கு நீங்கள் 80 என்ற ஒரே எல்லையை இரு பக்கமும் பயன்படுத்துவதே காரணம். ஏறும்போது ஓர் எல்லையும் இறங்கும்போது வேறோர் எல்லையும் வையுங்கள். இங்கே பலகையைப் பற்றிய ஒரு செய்தியும் முக்கியம்: ராஸ்பெரி பை 4-இல் 80 டிகிரியை எட்டியதும் ஃபர்ம்வேரே சிபியூவின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது உங்கள் பாலிசி விழித்துக்கொள்ளும் நேரத்தில், பலகை தானாகவே மெதுவாகி, ஃபிரேம்கள் வரிசையில் தேங்கத் தொடங்கியிருக்கும். 75-இல் குறைத்து, 68-க்குக் கீழே இறங்கி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றால் மட்டும் மீட்பது நல்ல தொடக்கம். உங்கள் பெட்டிகளின் தன்மையைப் பார்த்து எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். கெர்னலின் தெர்மல் கோப்பு மில்லி டிகிரியில் எண் தரும், 75 டிகிரி அங்கே 75000 என்று இருக்கும் என்பதையும் நிபந்தனை எழுதும்போது நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டு பாலிசிகள் ஒரே எண்ணுக்காக மோதும் சிக்கலுக்கு, முன்னுரிமை எண் கொடுப்பது பலரும் எடுக்கும் வழி. பாலிசிகள் கூடக் கூட அது குழப்பத்தில்தான் முடியும். நான் விரும்புவது வேறு வழி. எந்த பாலிசியும் ஃபிரேம் எண்ணிக்கையை நேரடியாக மாற்றக் கூடாது. ‘இதற்கு மேல் போகாதே’ என்ற தன் உச்சவரம்பை மட்டும் பதிவு செய்ய வேண்டும். ஒரு டைரக்டரியில் பாலிசிக்கு ஒரு கோப்பு, அதற்குள் ஒரே ஓர் எண். அந்தக் கோப்புகளையெல்லாம் படித்து, இயல்பான 12-ஐயும் சேர்த்து, மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்து, கன்டெய்னரில் இப்போது உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் மறுதொடக்கம் செய்யும் வேலை ஒரே ஒரு ஸ்கிரிப்டுடையது.

உங்கள் இரவை இதில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரவு பாலிசி 4 என்று எழுதுகிறது. நடப்பு எண் 4 ஆகிறது. நள்ளிரவில் வெப்பம் ஏறுகிறது, வெப்ப பாலிசி 6 என்று எழுதுகிறது. மிகச் சிறியது இன்னமும் 4 என்பதால் எதுவும் மாறாது, கன்டெய்னரும் மறுதொடக்கம் ஆகாது. வெப்பம் இறங்குகிறது, வெப்ப பாலிசி தன் கோப்பை நீக்குகிறது. அப்போதும் 4 தான். காலையில் இரவு பாலிசி தன் கோப்பை நீக்கியதும் 12-க்குத் திரும்புகிறது. ‘பழைய எண் என்ன’ என்று யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்பதே இதன் பெரிய பயன். மீட்பு என்பது தன் கோரிக்கையைத் திரும்பப் பெறுவது மட்டுமே, பிறர் கோரிக்கையைத் தொடாது.

இந்த 4 என்ற வரம்பும் போதாத அளவுக்கு நோடு சூடேறினால், வெப்ப பாலிசி 90 டிகிரி போன்ற எல்லையைப் பற்றியெல்லாம் யோசிப்பதற்கு முன்பே, 78-இல் இரண்டாம் படியாக 2 என்று எழுதட்டும். வெப்ப வரம்பின் கோப்பை ரன் டைரக்டரியில் வைப்பது நல்லது. ரீபூட் ஆனால் அது தானாக அழியும், வெப்பம் இன்னும் இருந்தால் பாலிசி புதிதாக எழுதிக்கொள்ளும். இரவு வரம்பை வட்டில் வையுங்கள். இரண்டு பாலிசிகள் ஒரே நேரத்தில் அந்தப் பொது ஸ்கிரிப்டை அழைக்கலாம் என்பதால், அதன் முதல் வேலை எஃப்லாக் பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு பிரதியை மட்டும் ஓடவிடும் கோப்புப் பூட்டு) பெறுவதாக இருக்கட்டும். ஸ்கிரிப்ட் எப்படிச் செத்தாலும், பூட்டை வைத்திருந்த பிராசஸ் ஒழிந்ததும் கெர்னல் அந்தப் பூட்டை விடுவித்துவிடும்.

மறுமொழி 4

அமைப்பு நன்றாக வடிவெடுத்துவிட்டது. இன்னும் யாரும் தொடாத இரண்டைச் சேர்க்கிறேன்: டைம்அவுட், பாதுகாப்பு.

ஏஜென்ட் ஆக்‌ஷனுக்கு எத்தனை நொடி தருகிறது என்று பாருங்கள். கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் இயல்பாக 10 நொடி காத்திருந்துவிட்டுத்தான் சிக்-கில் (பிராசஸை உடனே கொல்லும் சமிக்ஞை) அனுப்பும். குபர்நெட்டீஸ் 30 நொடி காத்திருக்கும். ஏஜென்டின் டைம்அவுட்டும் 10 நொடியாக இருந்தால், ஒழுங்காக நிற்க மறுக்கும் கன்டெய்னர் உள்ள நோடுகளில் மட்டும் ஆக்‌ஷன் பாதியில் கொல்லப்படும், மேசையில் ஒருபோதும் அது தெரியாது. அரை நிமிடச் சரிபார்ப்பையும் இப்போது சேர்த்திருக்கிறீர்கள். நிறுத்தும் நேரம், தொடங்கும் நேரம், சரிபார்க்கும் நேரம் மூன்றையும் கூட்டி, ஏஜென்டின் டைம்அவுட்டை அதற்கு மேல் வையுங்கள். ஸ்கிரிப்டுக்குள் அதைவிடச் சிறிய எல்லையை வைத்து, ஏஜென்ட் கொல்வதற்கு முன் ஸ்கிரிப்டே ‘நேரம் போதவில்லை’ என்று தெளிவாகச் சொல்லி முடியட்டும். லாகில் எக்ஸிட் கோடு 137 தென்பட்டால் அது 128-உம் 9-உம் சேர்ந்தது, அதாவது சிக்-கில். டைம்அவுட் முடிந்து கொன்றதாக இருக்கலாம், நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றதாகவும் இருக்கலாம். கெர்னல் லாகைப் பார்த்தால் பிரித்தறியலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சொந்த ஆக்‌ஷன் என்பது மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான நோடுகளில், பெரும்பாலும் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு, நிரலை ஓட்டும் வாயில். இதை எத்தனை வலியுறுத்திச் சொன்னாலும் தகும். ஜேசனில் வரும் கன்டெய்னர் பெயரை ஷெல் கட்டளைக்குள் சரமாக ஒட்டாதீர்கள். அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, தனி ஆர்கியுமென்டாக அனுப்புங்கள். ஃபிரேம் எண் 1-க்கும் 12-க்கும் இடைப்பட்ட முழு எண்தானா என்று முதல் வரியிலேயே சோதித்து, இல்லையென்றால் 64 என்று வெளியேறுங்கள். ‘எந்தக் கட்டளையையும் ஓட்டு’ என்ற பொது ஆக்‌ஷனை, வசதியாக இருக்கிறதே என்று யாராவது கேட்டாலும், உருவாக்கிக் கொடுக்காதீர்கள். ஸ்கிரிப்ட் நோடில் ஓடுவதற்கு முன் அதன் டிஜிட்டல் கையொப்பத்தை ஏஜென்ட் சரிபார்க்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மறுதொடக்கம் மட்டுமே தேவைப்படும் ஸ்கிரிப்டுக்கு டாக்கருக்குக் கட்டளைகள் செல்லும் டாக்கர் சாக்கெட்டைத் திறந்துவிடுவது, நடைமுறையில் ரூட் உரிமையைக் கொடுப்பதற்குச் சமம். அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சிறு உதவி நிரலை இடையில் வைப்பது மேல்.

களத்துக்கு அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே விவாதித்த சிக்கல்கள் யாவும் இதில் முன்பே பிடிபட்டிருக்கும். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒரு நிறுத்துமிடத்தை வைத்து, அந்த இடத்தில் சிக்-கில் அனுப்பிக் கொன்றுவிட்டு, அதே அளவுருக்களோடு மீண்டும் ஓட்டுங்கள். எந்த இடத்தில் கொன்றாலும் கடைசி நிலை ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வட்டை நிரப்பிவிட்டு ஓட்டுங்கள். கடிகாரத்தை ஓர் ஆண்டு பின்னால் தள்ளி ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகளை ஓட்டுங்கள். பிறகு உண்மையான பலகை ஒன்றில், ஆக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்கம்பியைப் பிடுங்குங்கள். எஃப்சிங்கை விட்டுவிட்டீர்களா என்பதைச் சிக்-கில் காட்டாது, மின்வெட்டுதான் காட்டும்.

வெளியிடும்போது முதலில் சில நோடுகள், பிறகு ஒரு சிறு பகுதி, பிறகு மற்றவை என்று போங்கள். மையத்தின் இணைப்பு அறுந்து ஒட்டினால் எல்லா நோடுகளும் ஒரே நொடியில் தேங்கிய ஆக்‌ஷன்களை ஓட்டத் தொடங்கும் என்பதால், வெப்பத்தைப் போல அவசரமில்லாத ஆக்‌ஷன்களின் தொடக்கத்தில் தற்செயலான காத்திருப்பைச் சேருங்கள். தேங்கிய கட்டளை எவ்வளவு நேரம் செல்லும் என்ற காலாவதியும் செய்தியிலேயே இருக்கட்டும்; எம்.கியூ.டி.டி. 5-இல் செய்திக்குக் காலாவதி குறிக்கும் வசதி உண்டு. நேற்று மாலை கேமரா சிக்கியதற்காகக் கொடுத்த ரீபூட் கட்டளை, இன்று நன்றாக ஓடும் நோடைத் தட்டி எழுப்பத் தேவையில்லை.

கேட்டவர்

உச்சவரம்பு முறையை இரவு பாலிசிக் குழுவும் ஏற்றுக்கொண்டது. பொது ஸ்கிரிப்டை நாங்கள் எழுதுகிறோம், வரம்புக் கோப்பின் வடிவத்தை அவர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. பழுதுபார்ப்பவர் நோடின் அருகே நின்று கேமராவைச் சோதிக்கும்போது, எங்கள் ஆக்‌ஷன் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்து அவருடைய வேலையைக் கெடுக்கிறது. கன்சோலில் பாலிசியை முடக்கலாம், ஆனால் இணைப்பு இல்லாத இடத்தில் அது நோடுக்குப் போய்ச் சேராது.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

ரன் டைரக்டரியில் ‘பராமரிப்பு’ என்ற பொருளில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று ஆக்‌ஷன் முதலிலேயே பார்க்கட்டும்; இருந்தால் எதையும் தொடாமல் 75 என்று வெளியேறி, ‘பராமரிப்பில் இருப்பதால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஜேசனில் எழுதட்டும். 75 வரும்போதெல்லாம் ஏஜென்ட் மறுமுயற்சி செய்யும் என்பதால், பாலிசியில் வைத்த வரம்பு பராமரிப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடாதபடி, முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பைச் சில நிமிடங்களாக நீட்டிக்கொள்ளுங்கள். கோப்பை உருவாக்கவும் நீக்கவும் பழுதுபார்ப்பவருக்கு ஒரு சிறு கட்டளையைக் கொடுங்கள். அவர் நீக்க மறந்துவிட்டுப் போனாலும், அடுத்த ரீபூட்டில் கோப்பு போய்விடும். ரீபூட் வரை காத்திருக்க முடியாது என்றால், கோப்பு உருவானபோது இருந்த அப்டைம் (பூட் ஆனதிலிருந்து கழிந்த நேரம்) அளவை அதற்குள் எழுதி வைத்து, இரண்டு மணி நேரம் கடந்ததும் ஆக்‌ஷனே அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். அப்டைம் என்பதால், கடிகாரம் தவறாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிழைக்காது. வெப்ப பாலிசியின் இரண்டாம் படிக்கு மட்டும் இந்தக் கோப்பு பொருந்தாது என்று விதிவிலக்கு வையுங்கள். திறந்த பெட்டியில் வேலை நடக்கும்போதும் பலகை சூடேறத்தான் செய்யும்.